பிளகின்கள் தாமாக ஏறுவது எப்படி? ஒரு சாப்பாட்டுக் கடையின் பில்லிங் நிரலை வைத்து ஒரு விளக்கம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் லிட்டல் இந்தியாவில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் பைத்தானில் எழுதிய ஒரு சின்ன பில்லிங் நிரல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் ரொக்கம் மட்டும்தான். பிறகு கார்டு மெஷின் வந்தது. அடுத்து டச் அன் கோ இ-வாலட். அப்புறம் டூயிட்நவ் கியூஆர் அட்டையைக் கல்லா மேலேயே ஒட்டியாயிற்று. ஒவ்வொன்று வரும்போதும் முதன்மை ஃபைலைத் திறந்து, "ரொக்கமானால் இதைச் செய், கார்டானால் அதைச் செய்" என்ற நீண்ட சங்கிலியில் இன்னொரு கண்ணியைக் கோக்க வேண்டும். அதோடு விடாது. திரையில் பொத்தான் வரைகிற இடத்தில் ஒரு வரி, ரசீது அச்சிடுகிற இடத்தில் ஒரு வரி, ராத்திரி கணக்கு முடிக்கிற இடத்தில் ஒரு வரி. இந்த நான்கில் ஒன்றை மறந்தால் போதும்: பணம் வாங்கியாகிவிடும், கணக்கில் மட்டும் உதைக்கும்.

வரியும் இதே கதைதான். மலேசியாவில் 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது. 2018 ஜூன் 1இல் அது பூஜ்யமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. 2024 மார்ச் 1இல் சேவை வரி 8 விழுக்காடானது. ஆனால் உணவு, பானம் உள்ளிட்ட சிலவற்றுக்கு 6 விழுக்காடாகவே நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நடுவயிற்றை ஒவ்வொரு முறையும் கிழித்துத் தைப்பதா, அல்லது மாறக்கூடியதை மட்டும் தனி ஃபைலாக வெளியே வைத்துவிட்டு, அந்த ஃபைல் இருந்தாலே நிரல் தானாக எடுத்துக்கொள்ளும்படி செய்வதா? இரண்டாவது வழிக்குத்தான் பிளகின் என்று பெயர், தமிழில் செருகுநிரல். "தானாக எடுத்துக்கொள்வது" என்ற பகுதிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்

பெயரே சொல்லிவிடுகிறது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது மூன்று சதுர முனை கொண்ட, 13 ஆம்பியர் பிளக் பாயின்ட். அதில் செருகுவது ரைஸ் குக்கரா, மேசை விசிறியா என்று சுவருக்குத் தெரியாது; தெரியவும் வேண்டாம். முனையின் வடிவம் சரியாக இருந்தால் மின்சாரம் போகும். கோயம்புத்தூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கிரைண்டருக்கு வட்ட முனை. மாவு அரைக்கும் திறமை அதற்கு எவ்வளவு இருந்தாலும், அடாப்டர் இல்லாமல் இங்கே ஓடாது.

நிரலிலும் இதே மூன்று பேர்தான். சுவர், அதாவது மைய நிரல். செருகப்படும் பொருள், அதாவது பிளகின். இரண்டுக்கும் நடுவே முனையின் வடிவம், அதாவது ஒப்பந்தம். புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் "ஃபோல்டரிலிருந்து ஃபைலை எப்படி ஏற்றுவது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது பதினைந்து வரி வேலை. ஒப்பந்தத்தைச் சரியாக முடிவு செய்வதும், ஒரு பிளகின் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும்தான் நேரம் பிடிக்கிற வேலை.

முதலில் ஒப்பந்தம்

நம் பில்லிங் நிரலுக்கு ஒவ்வொரு கட்டண முறையும் என்னென்ன தர வேண்டும்? நான்கு போதும். ஒன்று, நிரலுக்குள் பயன்படும் அடையாளச் சொல். இது என்றைக்கும் மாறக்கூடாது, ஏனென்றால் பழைய பில்களில் அதுதான் பதிவாகியிருக்கும். இரண்டு, பொத்தானில் தெரியும் பெயர். மூன்று, பொத்தான்களை அடுக்குவதற்கான வரிசை எண். நான்கு, "வசூலி" என்ற ஃபங்ஷன்: பில் தொகையைச் சென் கணக்கில் (ஒரு வெள்ளிக்கு நூறு சென்) முழு எண்ணாக வாங்கிக்கொண்டு, உண்மையில் வசூலான தொகையையும் வெற்றியா தோல்வியா என்பதையும் திருப்பித் தரும்.

தொகையை ஏன் சென்னில் வாங்க வேண்டும்? 23 வெள்ளி 47 சென்னைத் தசம எண்ணாக வைத்தால், கணினி அதை இரண்டின் அடுக்குகளில் தோராயமாகத்தான் வைத்திருக்கும். நாள் முடிவில் கூட்டும்போது ஒரு சென் அங்கும் இங்கும் ஒழுகக்கூடும். 2347 என்ற முழு எண்ணில் ஒழுக எதுவும் இல்லை.

ஒப்பந்தம் சரியாக அமைந்தால் என்ன லாபம் என்பதை ரொக்க பிளகினில் பார்க்கலாம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் கடை பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சீராக்குகிறோம். 23.47 என்றால் வாடிக்கையாளர் கொடுப்பது 23.45, 23.48 என்றால் 23.50. ஒரு சென் நாணயம் கல்லாவில் இல்லாததால் வந்த ஏற்பாடு இது. கியூஆர் மூலம் செலுத்துபவருக்கு அந்தத் தேவை இல்லை, 23.47 அப்படியே போகலாம். ஆகவே இந்தச் சீராக்கல் மைய நிரலின் வேலை அல்ல, ரொக்க பிளகினின் வேலை. கணக்கும் ஒரே வரிதான்: சென் தொகையோடு 2 கூட்டி, 5ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, மறுபடி 5ஆல் பெருக்க வேண்டும். 2347 என்றால் 2349, ஐந்தால் வகுத்தால் 469, பெருக்கினால் 2345. 2348 என்றால் 2350, அதுவே விடை. மைய நிரலுக்கு இதில் எதுவும் தெரியாது. வசூலான தொகை 2345 என்று திரும்பி வந்ததும், வித்தியாசமான 2 சென்னைச் சீராக்கல் என்று ரசீதில் அச்சிடும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்துக்கு ஒரு பதிப்பு எண்ணும் கொடுத்துவிடுங்கள். இன்றைக்குத் தேவையில்லாத ஆடம்பரமாகத் தோன்றும். ஆறு மாதம் கழித்து "வசூலி" ஃபங்ஷனுக்கு இன்னொரு உள்ளீடு சேர்க்கும்போது, பழைய பிளகின்களை ஏற்றும் கட்டத்திலேயே அடையாளம் கண்டு நிறுத்த அந்த எண் ஒன்றுதான் கைகொடுக்கும். இல்லாவிட்டால் மதிய நேரக் கூட்டத்தில், யாரோ பொத்தானை அழுத்தும்போதுதான் தெரியவரும்.

ஏற்றும் வேலை, படிப்படியாக

ஃபோல்டர் அமைப்பு இப்படி: "பில்லிங்" என்று ஒரு பேக்கேஜ், அதாவது பைத்தான் ஃபைல்கள் அடங்கிய ஃபோல்டர். அதற்குள் மைய ஃபைல், ஒப்பந்த ஃபைல், "கட்டணமுறை" என்று ஒரு உள் பேக்கேஜ். அந்த உள் பேக்கேஜில்தான் ரொக்கம், கார்டு, டூயிட்நவ், டச்அன்கோ என்று தனித்தனி ஃபைல்கள் இருக்கும். உள் பேக்கேஜில் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே "இனிட்" என்று பெயர் கொண்ட ஃபைலையும் வைத்துவிடுங்கள், காலியாக இருந்தாலும் பரவாயில்லை. பைத்தான் 3.3இலிருந்து அது இல்லாமலும் ஃபோல்டர் பேக்கேஜாக ஏற்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அது வேறு வகைப் பேக்கேஜாகிவிடும், வேறோர் இடத்தில் அதே பெயரில் இருக்கும் ஃபோல்டரும் அதோடு ஒட்டிக்கொள்ளக்கூடும்.

ஏற்றி, அதாவது லோடர், செய்யும் வேலை இது. பைத்தானோடு வரும் பிகேஜியூடில் என்ற மாட்யூலில் (மாட்யூல் என்பது ஏற்றக்கூடிய ஒரு பைத்தான் ஃபைல்) "இட்டர் மாட்யூல்ஸ்" என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. உள் பேக்கேஜின் பாதைப் பட்டியலை அதற்குக் கொடுத்தால், உள்ளே இருக்கும் மாட்யூல் பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும். இந்தக் கட்டத்தில் எதுவும் ஏறாது. பெயர் மட்டும் கைக்கு வரும். அந்தப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, அடிக்கோட்டில் தொடங்குபவற்றை விட்டுவிட வேண்டும். பொதுவான உதவி ஃபங்ஷன்களை வைக்க அடிக்கோட்டுப் பெயர்கள் வசதி. பிறகு ஒவ்வொரு பெயரையும், மாட்யூல்களை ஏற்றவென்றே பைத்தானில் உள்ள இம்போர்ட்லிப்பின் "இம்போர்ட் மாட்யூல்" ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டும்: வெறும் "ரொக்கம்" என்று அல்ல, "பில்லிங், புள்ளி, கட்டணமுறை, புள்ளி, ரொக்கம்" என்று முழுப் பெயராக. திரும்பி வரும் மாட்யூலில் ஒப்பந்தத்தின் நான்கு அம்சங்களும் இருக்கின்றனவா, பதிப்பு எண் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால், அடையாளச் சொல்லைச் சாவியாக வைத்து ஒரு டிக்ஷனரியில், அதாவது சாவியைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துத் தரும் பட்டியலில், சேர்த்துவிடலாம்.

இனி மைய நிரலில் நிபந்தனைச் சங்கிலி கிடையாது. பொத்தான் வரைகிற இடமும், ரசீதும், ராத்திரி கணக்கும் அந்த ஒரே டிக்ஷனரியைச் சுற்றி வரும். புதிய கட்டண முறை வந்தால் ஒரு ஃபைலை உள்ளே போட்டு நிரலை மறுபடி தொடங்கினால் போதும்.

முழுப் பெயர் ஏன் முக்கியம்? பைத்தான் ஏற்றிய ஒவ்வொரு மாட்யூலையும் "சிஸ் மாட்யூல்ஸ்" என்ற ஒரு பதிவேட்டில் பெயரோடு வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை அதே பெயரில் கேட்டால் ஃபைலை மறுபடி படிக்காது, பதிவேட்டில் இருப்பதையே எடுத்துத் தரும். ஒரே ஃபைலை ஒருமுறை "ரொக்கம்" என்றும் இன்னொரு முறை முழுப் பெயரிலும் ஏற்றினால், பதிவேட்டில் இரண்டு பெயர், நினைவகத்தில் இரண்டு தனித்தனி நகல். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் தெரியாது. "மதிப்பை மாற்றினேன், ஆனால் மாறவே இல்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிழைகளில் சில இதிலிருந்து வருபவைதான்.

பிளகின் ஃபோல்டரை அப்படியே பைத்தானின் தேடுபாதையில் (மாட்யூல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலிடத்தில் சேர்த்துவிடுவது சில பயிற்சிக் குறிப்புகளில் காணப்படும் குறுக்கு வழி. செய்யாதீர்கள். கியூஆர் படம் வரைய ஒரு லைப்ரரியை நிறுவியிருக்கிறீர்கள். அதே பெயரில் பிளகின் ஃபைலையும் வைத்துவிட்டால், லைப்ரரியைக் கூப்பிடும் வரி உங்கள் ஃபைலையே மறுபடி கூப்பிடும். முழுப் பெயரில் ஏற்றினால் இந்தக் குழப்பம் இல்லை.

பதிவு: யார் யாரைக் கூப்பிடுவது?

மேலே சொன்னதில் லோடர்தான் மாட்யூலைத் திறந்து பார்த்துப் பதிவு செய்கிறது. இன்னொரு பாணியில், பிளகினே ஏறும்போது தன்னைப் பதிவு செய்துகொள்ளும். ஒரு டெக்கரேட்டர், அதாவது ஃபங்ஷனின் தலைமேல் எழுதும் ஒரு குறி வரி, வழியாகச் செய்யலாம். அல்லது ஓர் அடிப்படை கிளாஸை வைத்து, அதிலிருந்து யார் பிறந்தாலும் தானே பதிவாகும்படி அமைக்கலாம். பைத்தான் 3.6இல் இதற்கென்றே "இனிட் சப்கிளாஸ்" என்ற கொக்கி வந்தது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஃபைலை ஏற்றுவதே ஒரு பக்க விளைவாகிவிடுகிறது: சோதனைக்காக ஒரு பிளகினை ஏற்றினாலும் அது பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு லோடர் கேட்டு வாங்கும் பாணியே நல்லது. பிழை வந்தால் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்.

எங்கே உதைக்கும்

தானியங்கி ஏற்றத்தின் பெரிய நோய் மௌனம். கையால் ஏற்றும் நிரலில் ஃபைல் இல்லையென்றால் உடனே கத்தும். தானாக ஏற்றும்போது ஃபைல் இல்லையென்றால் பட்டியலில் ஒன்று குறையும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது. ஆகவே நிரல் தொடங்கும்போது எது ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். இப்படி:

ரொக்கம்: ஏறியது (ஒப்பந்தப் பதிப்பு 2)
டூயிட்நவ்: ஏறியது (ஒப்பந்தப் பதிப்பு 2)
டச்அன்கோ: நிறுத்தப்பட்டது. ஒப்பந்தப் பதிப்பு 1, தேவை 2
கார்டு: ஏறவில்லை. 'சீரியல்' என்ற மாட்யூல் இந்தக் கணினியில் இல்லை

கடைசி வரியைக் கவனியுங்கள். கார்டு ஃபைல் இருக்கிறது. அது நம்பியிருக்கும் லைப்ரரிதான் இல்லை. பைத்தான் எறியும் "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" பிழையில் எந்த மாட்யூல் கிடைக்கவில்லை என்ற பெயரும் தனி அம்சமாக இருக்கும். அதை எடுத்து அச்சிட்டால், கல்லாவில் இருப்பவர் தொலைபேசியில் படித்துச் சொன்னாலே வேலை முடிந்துவிடும். வெறுமனே "கார்டு பிளகின் கோளாறு" என்று அச்சிட்டால், எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கு நேரில் வர வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பிளகினையும் தனித்தனி "டிரை" பிளாக்கில், அதாவது பிழை வந்தால் நிரல் நின்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் பகுதியில், ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிளாக்கில் போட்டால், முதலில் உடையும் பிளகின் பின்னால் வரும் அத்தனையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். "எக்ஸெப்ஷன்" வகையைப் பிடித்தால் பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும். ஒரு விதிவிலக்கு: பிளகினுக்குள் யாராவது நிரலை நிறுத்தும் "சிஸ் எக்ஸிட்" கட்டளையை எழுதியிருந்தால் அது இந்த வலையில் சிக்காது, மொத்த நிரலும் மூடிவிடும். அதை ஒப்பந்தத்திலேயே தடை செய்துவிடுங்கள்.

பிழையைப் பிடித்துவிட்டுத் தொடர்வது எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கார்டு ஏறாவிட்டால் கடை ஓடும். ரொக்கம் ஏறாவிட்டால் ஓடாது. "இவை கட்டாயம்" என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்து, அதில் உள்ளது ஏறாவிட்டால் நிரல் தொடங்கவே கூடாது. வரி பிளகினும் அந்தப் பட்டியலில்தான் சேரும். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய உணவகம் சேவை வரி வசூலிக்க வேண்டும். அந்த பிளகின் சத்தமில்லாமல் விடுபட்டால் நாள் முழுக்க வரியில்லாமல் பில் போகும், பிறகு கடைக்காரர் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அடுத்தது பாதை. "பிளகின்கள் இந்த ஃபோல்டரில் இருக்கின்றன" என்று வெறும் பெயரை எழுதினால், நிரல் எந்த ஃபோல்டரில் நின்று தொடங்கப்படுகிறதோ அங்கிருந்துதான் தேடும். எழுதுபவரின் கணினியில் சரியாக ஓடும். கடையில் டெஸ்க்டாப் ஐக்கானை இரண்டு முறை தட்டினால் ஒரு பிளகின்கூட ஏறாமல் போகலாம். பேக்கேஜின் சொந்தப் பாதையைக் கேட்டு வாங்குவதே தீர்வு; "இட்டர் மாட்யூல்ஸ்" வழியாகப் போனால் அது இயல்பாகவே அமைந்துவிடும்.

ஃபோல்டரைக் கையால் பட்டியலிட்டு, பெயரின் முடிவில் பைத்தான் ஃபைலுக்கு அடையாளமான "பிஒய்" இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுபவர்களும் உண்டு. அதில் வரிசை கணினிக்குக் கணினி மாறும். உங்களிடம் ரொக்கம் முதல் பொத்தான், கடையில் அது கடைசிப் பொத்தான். வரிசை எண் ஒப்பந்தத்தில் இருப்பது இதற்காகத்தான்.

நகல் ஃபைல்கள் இன்னொரு தலைவலி. விண்டோஸில் ரொக்கம் ஃபைலை நகலெடுத்து ஒட்டினால், பெயரின் பின்னால் கோடும் "காப்பி" என்ற சொல்லும் சேர்ந்து ஒரு புதிய ஃபைல் உருவாகும். நடுவில் இடைவெளி இருப்பதால் பைத்தான் அதை ஏற்காது என்று நினைப்பீர்கள். சாதாரண இம்போர்ட் வரியில் எழுத முடியாதுதான். ஆனால் "இம்போர்ட் மாட்யூல்" ஃபங்ஷனுக்கு அது ஓர் எழுத்துச் சரம் மட்டுமே, தாராளமாக ஏற்றிவிடும். இப்போது ஒரே அடையாளச் சொல்லோடு இரண்டு பிளகின்கள். டிக்ஷனரியில் பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிடும். போன மாத நகல் இன்றைய பில்லைப் போடும். இரண்டு பூட்டுகள் வேண்டும்: பெயர் முறையான அடையாளப் பெயர்தானா என்று சோதிப்பது, ஏற்கெனவே உள்ள அடையாளச் சொல் மறுபடி வந்தால் பிழை எறிவது.

தமிழில் பெயர் வைத்தால்

பைத்தான் 3இல் மாறி, ஃபங்ஷன், மாட்யூல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை நம் எழுத்தில் இல்லாததால், அவற்றை மாற்றி எழுதிவிடுவதால் வரும் ஒரு பிழை வகையே இல்லாமல் போய்விடும். ஆனால் வேறு இரண்டு குழிகள் உண்டு.

பெயரைச் சோதிக்கும்போது "எல்லாம் எழுத்துகளா?" என்று கேட்கும் "இஸ் ஆல்ஃபா" ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் "ரொக்கம்" தோற்றுவிடும். யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்து என்ற வகையில் வருவதில்லை, குறி என்ற வகையில் வருகின்றன. சரியான கேள்வி "இஸ் ஐடென்டிஃபையர்" என்ற ஃபங்ஷன். அதற்கு "ரொக்கம்" தேறும்.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். "ரொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவோ, அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தான் நிரலுக்குள் எழுதும் பெயர்களை எல்லாம் ஒரே குறி வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஃபைலின் பெயரை அப்படி மாற்றுவதில்லை. ஆகவே ஃபைல் பெயர் இரண்டு குறி வடிவத்தில் லினக்ஸ் கணினியில் சேமிக்கப்பட்டிருந்தால், லோடர் ஃபோல்டரைப் பார்த்துப் பெயரை எடுத்து ஏற்றும்போது ஏறும். வேறொரு ஃபைலில் சாதாரண இம்போர்ட் வரியாக எழுதினால் "அப்படி ஒரு மாட்யூல் இல்லை" என்று சொல்லும். கண்ணுக்கு நேரே இருக்கும் ஃபைலை இல்லை என்று சாதித்தால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கத்தான் செய்யும். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கற்றுக்கொள்வதற்குத் தமிழ்ப் பெயர்கள் அருமை. பலர் கைபடும் நிரலில் ஃபைல் பெயரையும் அடையாளச் சொல்லையும் மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்து, பொத்தானில் தெரியும் பெயரைத் தமிழிலும் மலாயிலும் கொடுப்பது தலைவலியைக் குறைக்கும்.

சுற்றி வளைத்து இழுப்பது

கார்டு பிளகினுக்குக் கடையின் பெயர் தேவை. அது மைய ஃபைலில் இருக்கிறது. பிளகின் மைய ஃபைலை இம்போர்ட் செய்கிறது. மைய ஃபைலோ பிளகினை ஏற்றிக்கொண்டிருக்கும் நடுவில் இருக்கிறது. விளைவு, பாதி ஏறிய மாட்யூலில் இல்லாத பெயரைத் தேடும் பிழை. மைய ஃபைலை நேரடியாக ஓட்டினால் இன்னும் மோசம்: பைத்தான் அதற்கு "மெயின்" என்று பெயர் வைத்திருக்கும், பிளகின் அதன் உண்மைப் பெயரில் கூப்பிடும்போது அதே ஃபைல் இரண்டாம் முறை முழுதாக ஓடும். டிக்ஷனரியும் இரண்டாகும், பிளகின்கள் ஒன்றில் பதிவாகும், பொத்தான் வரைகிறவர் மற்றதைப் பார்ப்பார்.

விதி எளிது. மையம் பிளகினை அறியலாம். பிளகின் மையத்தை அறியக்கூடாது. இருவரும் அறியக்கூடியது ஒப்பந்த ஃபைல் ஒன்றுதான். கடையின் பெயர் போன்றவற்றை "வசூலி" ஃபங்ஷனுக்கு உள்ளீடாக அனுப்பிவிடலாம்.

ஒற்றை ஃபைலாகக் கட்டும்போது

கடைக்குக் கொடுக்கும்போது பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே இஎக்ஸ்இ ஃபைலாகக் கட்டுவது வழக்கம். அது உங்கள் நிரலைப் படித்து, இம்போர்ட் வரிகளைப் பின்தொடர்ந்து, தேவையானதை மட்டும் மூட்டை கட்டும். நம் பிளகின்களை எந்த இம்போர்ட் வரியும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே. பெயர் ஓடும்போதுதான் தெரியவருகிறது. ஆகவே மூட்டையில் ஒரு பிளகின்கூட இருக்காது, கட்டும்போது எச்சரிக்கையும் வராது. "மறைமுக இம்போர்ட்" என்ற தெரிவில் ஒவ்வொரு பெயராகக் கொடுக்கலாம்; உள் பேக்கேஜ் முழுவதையும் சேர்க்கச் சொல்லும் "கலெக்ட் சப்மாட்யூல்ஸ்" தெரிவு இன்னும் வசதி, புதிய பிளகின் வந்தாலும் தானாக அடங்கும். மேலே சொன்ன தொடக்கப் பட்டியலும் கட்டாயப் பட்டியலும் இருந்தால், இந்தத் தவறு கடைக்குப் போவதற்கு முன்பே பிடிபடும்.

வெளியார் எழுதும் பிளகின்

இதுவரை பார்த்தது நம் ஃபோல்டருக்குள் நாமே வைக்கும் பிளகின். கோலாலம்பூரில் வேறொருவர் எழுதி, பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) மூலம் நிறுவப்படும் பிளகினுக்கு ஃபோல்டர் தேடல் உதவாது. அதற்கு என்ட்ரி பாயின்ட் என்ற முறை இருக்கிறது. பிளகின் எழுதுபவர் தன் திட்டத்தின் பைபுராஜெக்ட் ஃபைலில், "இந்தக் குழுவில், இந்தப் பெயரில், என் இந்த மாட்யூலைச் சேர்" என்று ஒரு வரி எழுதுவார். நிறுவும்போது அது நிறுவல் குறிப்போடு பதிவாகும். உங்கள் நிரல் அந்தக் குழுவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பட்டியல் கிடைக்கும். பைத்தான் 3.8 முதல் இதற்கான மாட்யூல் பைத்தானோடே வருகிறது. பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி தன் பிளகின்களைக் கண்டுபிடிப்பது இதே வழியில்தான். அதன் குழுப் பெயர் "பைடெஸ்ட்11".

பட்டியலைக் கேட்கும்போது எந்த பிளகினும் ஏறாது, குறிப்பு மட்டும் படிக்கப்படும். "லோட்" என்று சொன்ன பிறகுதான் ஏறும். இது பெரிய வசதி. அடிக்கடி வரும் தடுமாற்றம் ஒன்று: பைபுராஜெக்ட் ஃபைலில் அந்த வரியை மாற்றிவிட்டு, மறுபடி நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது. பழைய குறிப்புதான் படிக்கப்படும்.

மற்ற இடங்களிலும் இதே எண்ணம்தான், உடை மட்டும் வேறு. ஜாவாவில் 2006இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்தே இந்த வேலைக்குச் சர்வீஸ்லோடர் இருக்கிறது. வேர்ட்பிரஸில் "மு-பிளகின்ஸ்" ஃபோல்டரில் போட்ட பிஎச்பி ஃபைல் யார் அனுமதியும் கேட்காமல் ஏறும். உள் ஃபோல்டருக்குள் வைத்தால் மட்டும் ஏறாது, பலர் அங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

திறந்த கதவு

ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் ஏற்று என்று சொல்வதும், அந்த ஃபோல்டரில் எழுத முடிந்த எவரும் இந்தக் கணினியில் எதையும் ஓட்டலாம் என்று சொல்வதும் ஒன்றுதான். பைத்தானில் ஏற்றுவது என்றாலே ஃபைலின் மேல்மட்ட வரிகள் ஓடிவிடும். ஒப்பந்தத்தைச் சோதிப்பதற்கு முன்பே ஓடிவிடும். கல்லா கணினியில் பென் டிரைவ் செருகாதவர் யார்? பிளகின் ஃபோல்டரில் எழுதும் உரிமையை நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் கொடுங்கள். கல்லாக்காரர் கணக்குக்குப் படிக்கும் உரிமை போதும். பணம் புழங்கும் நிரல் என்பதால் இன்னொரு படியும் போகலாம்: அமைப்பு ஃபைலில் அனுமதிப் பட்டியல் வைத்து, அதில் பெயர் இல்லாததை ஏற்றாமல் விடுவது. இதைச் செய்தால் "தானாக" என்பது கொஞ்சம் குறையும். குறையட்டும்.

தொடங்க நேரம் பிடிக்கிறதா? பைத்தானைத் தொடங்கும்போது "எக்ஸ் இம்போர்ட்டைம்" தெரிவைக் கொடுத்தால், ஒவ்வொரு மாட்யூலும் எத்தனை மைக்ரோவினாடி எடுத்தது என்று அச்சாகும். பெரும்பாலும் ஒரே ஒரு பிளகின் மேல்மட்டத்தில் கனமான லைப்ரரியை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இம்போர்ட் வரியை "வசூலி" ஃபங்ஷனுக்குள் தள்ளினால் தொடக்கம் இலகுவாகிவிடும்.

நிரல் ஓடும்போதே பிளகினை மாற்ற ஆசைப்படாதீர்கள். ரீலோட் வசதி இருக்கிறது. ஆனால் பழைய ஃபங்ஷனை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் இடங்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். கடை மூடிய பிறகு நிரலை நிறுத்தித் தொடங்குவதுதான் நம்பகமான வழி.

மூன்றே கட்டண முறை, அவற்றை எழுதுபவரும் நீங்கள் ஒருவரே என்றால், இத்தனையும் வேண்டாம். மைய ஃபைலில் மூன்று இம்போர்ட் வரி, கீழே ஒரு பட்டியல். ஒப்பந்தத்தை மட்டும் இப்போதே சரியாக வையுங்கள். பின்னால் லோடரைச் சேர்ப்பது ஒரு மதிய வேலை.

லோடர் எழுதியாயிற்று என்றால் சோதிக்க ஒரு தற்காலிக பேக்கேஜ் ஃபோல்டரை உருவாக்கி ஐந்து ஃபைல்களைப் போடுங்கள்: சரியான பிளகின் ஒன்று, இலக்கணப் பிழை உள்ளது ஒன்று, "வசூலி" இல்லாதது ஒன்று, முதலாவதின் அடையாளச் சொல்லையே திருப்பிச் சொல்வது ஒன்று, அடிக்கோட்டில் தொடங்குவது ஒன்று. சரியானது மட்டும் ஏற வேண்டும், மூன்று காரணங்கள் அச்சாக வேண்டும், ஐந்தாவதைப் பற்றிப் பேச்சே எழக்கூடாது. சோதனை ஓடும்போதே ஃபைலை உருவாக்குவதால் ஏற்றுவதற்கு முன் இம்போர்ட்லிப்பின் "இன்வேலிடேட் கேஷஸ்" ஃபங்ஷனைக் கூப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பைத்தான் பழைய ஃபோல்டர் பட்டியலையே பார்த்துவிட்டு, இப்போதுதான் எழுதிய ஃபைலை இல்லை என்று சொல்லக்கூடும்.